துண்டு கேட்காத வைத்தியம்

பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வந்து இறங்கியிருக்கும் தாய்மாரே, ஐயாமாரே, தம்பி தங்கைகளே!

இந்த மண்டபத்தில் பாதிப் பேர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். நானும் அந்தப் பஸ்ஸில் தொங்கி வளர்ந்தவன்தான். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

அழைப்பிதழில் என் பேச்சுக்குப் போட்டிருக்கும் தலைப்பு, ‘தேசிய சுகாதாரக் காப்புறுதியும் பெருந்தோட்ட மக்களும்’. அதை என் அக்காவிடம் காட்டினேன். முப்பத்தைந்து வருஷம் கொழுந்தெடுத்தவர். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். “காப்புறுதினா என்னாடா தம்பி, கார்டு குடுப்பாங்களா?” என்றார். “குடுப்பாங்க அக்கா” என்றேன். “ஆஸ்பத்திரி எட்டுக் கட்டைக்கு அங்கிட்டு இருக்கு. கார்ட வச்சுக்கிட்டு நான் என்னா பண்ண?” என்றார்.

கொழும்பில் நடக்கும் கருத்தரங்குகளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்லாமல் தேநீர் இடைவேளைக்குப் போய்விடுவார்கள். தேநீர் எங்கிருந்து வருகிறது என்பது வேறு கதை. நான் இன்று அக்காவின் கேள்வியைத்தான் என் தலைப்பாக எடுத்துக்கொள்கிறேன். அழைப்பிதழ் அச்சடித்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

அதற்கு முதலில் துண்டைப் பற்றிப் பேச வேண்டும். துண்டு என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எங்கள் காலத்தில் தோட்டத்து மருந்துச்சாலையில் டாக்டர் ஐயா எழுதிக் கொடுப்பது துண்டு. காய்ச்சலோடு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கிறவன் லயத்துக்குத் திரும்பத் துண்டு வேண்டும். தோட்டத்து வண்டியில் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டு வேண்டும். போய்வந்த நாளுக்குக் கணக்கப்பிள்ளை கேள்வி கேட்காமல் இருக்கவும் அந்தத் துண்டுதான் வேண்டும். இலவச வைத்தியம் உள்ள நாடு இது. ஆனாலும் அந்த வைத்தியத்தின் வாசலுக்குப் போக, எங்கள் அப்பாமாருக்கு இன்னொருவர் கையெழுத்துப் போட்ட காகிதம் தேவைப்பட்டது.

இந்தச் சொல்லுக்கு வயது என்ன தெரியுமா? பிரிட்டிஷ்காரன் காலத்தில் ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவனுடைய கடனைப் புதிய தோட்டம் கட்டினால் விடுவிக்கிறோம் என்று பழைய துரை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதத்துக்குப் பெயர் துண்டு. ஆங்கிலேயன் சட்டப் புத்தகத்திலேயே நம்முடைய தமிழ்ச் சொல்லை அப்படியே எழுதி வைத்தான். தமிழுக்கு இப்படியும் ஒரு பெருமை! 1921ஆம் ஆண்டு அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கடன் துண்டு ஒழிந்தது. காய்ச்சல் துண்டு தங்கிவிட்டது.

தாய்மாரே, நம் மக்களின் உடம்புக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு இன்று நேற்று தொடங்கியதல்ல. 1872ஆம் ஆண்டு, இந்த மலைகளில் தேயிலை பெருகுவதற்கு முன், காப்பித் தோட்டக் காலத்திலேயே மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. ஏன் வந்தது? கருணையாலா? மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து மலைக்கு வந்தவர்கள் வழியிலும் தோட்டத்திலும் செத்து விழுந்தார்கள். ஆள் செத்தால் காப்பி பறிக்க ஆள் இல்லை. சட்டம் வந்ததும் தோட்டத் துரைமார் சங்கம் என்ன சொன்னது? செலவு யார் தலையில் என்று கேட்டது. நூற்றைம்பது வருஷமாக அந்தக் கேள்வி மாறவில்லை. கேட்பவர்களின் உடுப்பு மட்டும் மாறியிருக்கிறது.

1912இல் அந்தச் சட்டத்தை விரித்து எழுதினார்கள். அதை நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம். லயத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டியது தோட்டத் துரையின் கடமை என்று இருக்கிறது. தோட்டத்தில் யாருக்கு நோய் என்று அவரே விசாரித்து அறிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்கு முப்பது நாள் சாப்பாடும் தங்க இடமும் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்குப் போதிய பராமரிப்பும் ஊட்டமும் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1912இல்! இந்தியாவில் அன்றைக்கு எந்த மில் தொழிலாளிக்கு இப்படி ஒரு வரி சட்டத்தில் இருந்தது?

பிறகு ஏன் நம் பாட்டிமார் லயத்துக் காம்பராவில் செத்தார்கள்? சட்டத்தைத் திரும்பப் படியுங்கள். நோயாளியைக் கண்டுபிடிக்க வேண்டியவர் யார்? துரை. அவனை மலைக்கு வேலைக்கு அனுப்புகிறவர் யார்? துரை. வண்டிக்கு உத்தரவு போடுகிறவர் யார்? அவரே. நோயாளிக்கு என்று அந்தச் சட்டத்தில் ஒரு உரிமையும் எழுதவில்லை. துரைக்குக் கடமை எழுதினார்கள். கடமையை அவர் செய்யாவிட்டால் லயத்துக்காரி யாரிடம் போய்க் கேட்பாள்? அதை எழுத மறந்துவிட்டார்கள். மறந்தார்களா, விட்டார்களா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்களை ஒரு வருஷத்துக்கு அழைத்துப் போகிறேன். 1948.

அந்த வருஷம் ஜூலை 5ஆம் திகதி இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. யாருக்கும் காசில்லாமல் வைத்தியம். அதைக் கொண்டுவந்த சுகாதார அமைச்சர் அனூரின் பெவன். அவர் யார்? வேல்ஸ் நாட்டில் திரெடீகர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர்ப் பிள்ளை. பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். அந்த ஊரில் சுரங்கத் தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து சந்தா பிடித்து, தாங்களே வைத்தியர்களை வேலைக்கு வைத்து ஒரு வைத்திய உதவிச் சங்கம் நடத்தினார்கள். நம் ஊரில் தொழிற்சங்கச் சந்தாவைச் சம்பளச் செக்ரோலில் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். அந்தச் சந்தாவில் சங்கம் டாக்டரையே வைத்துவிட்டது! அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அமைச்சரானதும், என் ஊருக்கு முடிந்தது என் நாட்டுக்கு ஏன் முடியாது என்று கேட்டார். அங்கேயும் எதிர்ப்பு இலேசில்லை. வைத்தியர் சங்கமே எதிர்த்து நின்றது. தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்த வாக்கெடுப்பில் வைத்தியர்களில் பெரும்பாலானோர் வேண்டாம் என்று சொன்னார்கள். பெவன் விடவில்லை. ஜூலை 5இல் ஆஸ்பத்திரிகள் அரசாங்கத்துக்கு வந்தன.

அதே 1948இல் இங்கே என்ன வந்தது? 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது.

1947 தேர்தலில் நம் தோட்ட மக்களின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நமது பதுளையிலிருந்து எஸ்.எம். சுப்பையா போனார். அடுத்த வருஷம் அந்தச் சட்டத்தால் நம் ஆள்களின் பிரஜாவுரிமை போனது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்குரிமையையும் எடுத்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறியது. 1953இல் அங்கேயும் தோற்றோம். இங்கிலாந்து ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிக்கு இலவசமாகக் கொடுத்த தேநீரில் நம் ஆள்கள் கிள்ளிய கொழுந்தும் இருந்திருக்கும். கிள்ளிய கைக்கு மட்டும் நாடு இல்லாமல் போனது.

இதை ஏன் வைத்தியக் கூட்டத்தில் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இலங்கையில் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அதன் பிறகு என்ன நடந்தது? கிராமத்து வாக்காளன் தன் பிரதிநிதியிடம் பாடசாலை கேட்டான், ஆஸ்பத்திரி கேட்டான், பிரசவ விடுதி கேட்டான். பிரதிநிதி கொடுத்தார், இல்லாவிட்டால் அடுத்த தேர்தலில் தோற்றார். 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை நீக்கினார்கள். உலகம் புகழும் இலங்கையின் இலவச வைத்தியம் அப்படி வாக்குச் சீட்டின் பின்னால் நடந்து வந்த வைத்தியம். அது கிராமம் கிராமமாக ஏறி வந்தபோது, தோட்டத்தில் கேட்பதற்கு வாக்குள்ள ஆள் இல்லை. தோட்டத்தைத் துரை பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் நினைத்தார்கள். வாக்கில்லாதவன் வாசலில் எந்த அமைச்சரும் அடிக்கல் நாட்டமாட்டார். 1964 இலங்கை இந்திய ஒப்பந்தத்தில் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பங்கு போட்டார்கள். மிச்சமிருந்தவர்களின் பிரஜாவுரிமை விவகாரம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் முடிந்தது. ஐம்பத்தைந்து வருஷம்! அந்த ஐம்பத்தைந்து வருஷத்தில் கட்டாமல் விட்ட ஆஸ்பத்திரிகளின் கணக்கை யார் எழுதுவது?

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டும். தோட்டத்தின் பெயர் வேண்டாம். தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போன புதிது. நான் எட்டாம் வகுப்பு. மழைக்காலம். சாயந்தரம் என் அத்தைக்கு வலி கண்டது. மருத்துவச்சிக் கிழவி வந்து பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இது என் கையில் இல்லை, டவுனுக்குக் கொண்டு போங்கள் என்றாள். மாமா துண்டுக்கு ஓடினார். துண்டு கிடைத்தது. வண்டி? தோட்டத்தில் இருந்தது ஒரே லொறி. அது அந்த நேரத்தில் மேல் டிவிசனில் கொழுந்து ஏற்றிக்கொண்டு நின்றது. கொழுந்தை ஃபெக்டரியில் இறக்காமல் ஆளை ஏற்றக்கூடாது என்று உத்தரவு. கொழுந்து வாடினால் கேள்வி வரும் அல்லவா?

லொறி டிரைவர் நல்ல மனிதர். கொழுந்துச் சாக்குகளை ஒரு பக்கமாகத் தள்ளினார். இடையில் படங்கை விரித்தார். “ஏத்துங்க, வர்றத நான் பாத்துக்கிறேன்” என்றார். நானும் ஏறினேன், அரிக்கன் லாம்பைப் பிடிக்க. பச்சைக் கொழுந்தின் வாசனை, ஈரச் சாக்கின் வாசனை, அதற்கு நடுவே அத்தையின் சத்தம். பெரிய ரோட்டைத் தொடுவதற்கு முன்னாலிருக்கும் கொண்டை ஊசி வளைவில் லொறி குலுங்கியபோது பிள்ளை தானாகத் திரும்பிவிட்டது என்று கிழவி கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். வைத்தியப் புத்தகம் ஒத்துக்கொள்ளுமோ என்னவோ, பிள்ளை லொறியில் பிறந்தது. பெண் பிள்ளை.

அடுத்த கூத்தைக் கேளுங்கள். பதிவு செய்யப் போனால் பிறந்த இடம் எது என்று கேட்டார்கள். தோட்டமா? தோட்டத்து எல்லை தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியா? ஆஸ்பத்திரி இன்னும் வரவில்லை. மாமா உண்மையைச் சொன்னார், “லொறி” என்று. கிளார்க் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. பிறந்த இடம் தப்பாகிவிட்டால் பிரஜாவுரிமைக் காகிதம் என்னாகும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பிள்ளை பிழைத்தது. அத்தையும் பிழைத்தார். பிழைக்காத கதைகளை நான் மேடையில் சொல்வதில்லை.

சரி, தோட்டம் அரசாங்கத்திடம் வந்தது. வைத்தியமும் அரசாங்கத்திடம் வந்திருக்க வேண்டுமல்லவா? வரவில்லை. தோட்டத்தை நடத்தியது கூட்டுத்தாபனம். வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே கிடந்தது. 1992இல் தோட்டங்களை இருபத்திரண்டு பிராந்தியக் கம்பெனிகளின் கையில் கொடுத்தார்கள். நலன்புரி வேலைக்கு ஒரு நிதியம் வைத்தார்கள். 1990களில் தோட்ட வைத்தியசாலைகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்கும் என்று முடிவெடுத்தார்கள். சிலவற்றைப் பொறுப்பேற்றார்கள். சிலவற்றுக்கு வெள்ளையடித்தார்கள். பலவற்றை அப்படியே விட்டார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். காணி அரசாங்கத்துடையது. குத்தகை கம்பெனியுடையது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி போதனா வைத்தியசாலைகளும் விசேட வைத்தியசாலைகளும் கொழும்புக்கு, மற்றவை ஊவா மாகாண சபைக்கு. குழந்தைக்கு ஊசி போட வரும் குடும்பநல உத்தியோகத்தர் சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ். மருந்துச்சாலையில் உட்காருகிறவர் கம்பெனியின் சம்பளத்தில். மருந்துச்சாலைக்குப் போகும் ரோடு தோட்டத்துடையது. அந்த ரோட்டைப் பிரதேச சபை போடலாமே என்கிறீர்களா? 1987 பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட விடவில்லை. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதுவரை நம் ஆள்கள் பிரதேச சபை உறுப்பினராக இருந்தார்கள், தங்களுக்கு வாக்களித்த லயத்துக்குப் போகும் ரோட்டில் ஒரு கல்லைப் போட அவர்களுக்கு அதிகாரமில்லை!

பொறுப்பு இத்தனை கைகளில் சிதறிக் கிடந்தால் என்ன ஆகும்? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. மக்களை எழுப்பி வேறு இடத்தில் குடியமர்த்த வேண்டியது யார்? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். மண் யாரையும் கேட்காமல் இறங்கியது. வைத்தியத்திலும் அதேதான் நடக்கிறது, ஒரே காலையில் நடக்காததால் பத்திரிகையில் வருவதில்லை. 2016ஆம் ஆண்டு நாடு முழுக்க எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவ நூற்றுக்குப் பதினேழு. தோட்டத்தில் நூற்றுக்கு முப்பத்திரண்டு. ஒரே நாடு, ஒரே இலவச வைத்தியம், இரண்டு உயரம்.

காப்புறுதிக்கு வருவோம். வெளிநாட்டில் இதற்காக நடந்த சண்டையைப் பார்த்துவிட்டு நம்முடையதைப் பேசுவோம்.

அமெரிக்காவில் 2010இல் ஒபாமா சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லோரும் காப்புறுதி எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அபராதம். எடுக்க வசதியில்லாத ஏழைகளை அரசாங்கத் திட்டத்தில் சேர்க்க மாநிலங்களுக்கு மத்திய அரசு பணம் தரும். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2012 ஜூன் 28ஆம் திகதி ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு. பிரதம நீதியரசர் ஜோன் ரொபர்ட்ஸ் அந்த அபராதத்தை வரி என்று எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சட்டத்தைக் காப்பாற்றினார். பத்திரிகைகள் எல்லாம் அதைத்தான் எழுதின. அதே தீர்ப்பில் இன்னொரு பகுதி இருந்தது. ஏழைகளுக்கான திட்டத்தை விரிக்கும்படி மாநிலங்களை மத்திய அரசு கட்டாயப்படுத்த முடியாது என்றது அது. விளைவு? சில மாநிலங்கள் விரித்தன. டெக்சஸ் போன்றவை விரிக்கவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த ஏழைக்கு வைத்தியம், அந்தப் பக்கம் இருந்த ஏழைக்கு இல்லை. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? எனக்குத் தோட்டத்து கேட் ஞாபகம் வந்தது.

இந்தியாவில் நடந்த வழக்கு எனக்கு இன்னும் நெருக்கமானது. 1992இல் மேற்கு வங்காளத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி, இன்னொரு அரசாங்க ஆஸ்பத்திரி என்று கல்கத்தா முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். எங்கும் கட்டில் இல்லை என்றார்கள். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, பதினேழாயிரம் ரூபாய் செலவு. அவர் ஒரு விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர். பச்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி என்பது அதன் பெயர். சங்கம் சும்மா இருக்கவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996இல் தீர்ப்பு வந்தது: அவசர நோயாளியைத் திருப்பி அனுப்பினால் அது அரசியலமைப்பு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது, பணமில்லை என்று அரசாங்கம் சாக்குச் சொல்ல முடியாது. இருபத்தையாயிரம் ரூபாய் நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. தொழிற்சங்கத் தலைவர்கள் சிலரும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். நாட்சம்பளத்துக்கு வழக்குப் பேசியிருக்கிறீர்கள். 2021இல் ஆயிரம் ரூபாய்க்கு வர்த்தமானி வந்தது, கம்பெனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. 2024 மே மாதம் ஆயிரத்து எழுநூறுக்கு வர்த்தமானி வந்தது, ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. எல்லாம் சரி. ஒரு வண்டி வராமல் செத்த நோயாளிக்காக ஒரு சங்கமாவது நீதிமன்றப் படி ஏறியதா? கோபிக்காதீர்கள். கேட்காமல் போனால் என் அக்கா கோபிப்பார்.

நம் நாட்டில் அந்தக் கதவு இன்னும் ஒருக்களித்தே இருக்கிறது. 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் சுகாதாரம் இல்லை. உயிர்வாழும் உரிமை என்று நேராக எழுதவும் இல்லை. 2003இல் பொலிஸ் தடுப்பில் ஒருவர் இறந்த வழக்கில்தான், அந்த உரிமை உள்ளே மறைந்து கிடக்கிறது என்று உயர் நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. 2016இல் லால் விஜேநாயக்க தலைமையில் ஒரு குழு ஊர் ஊராகப் போய், புதிய அரசியலமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று மக்களிடம் கருத்துக் கேட்டது. அறிக்கை வந்தது. அரசியலமைப்பு வரவில்லை. நமது இலவச வைத்தியம் ஒரு நல்ல பழக்கம். பழக்கத்தை மாற்றிக்கொள்ள நிதியமைச்சுக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

காப்புறுதி கெட்டதா என்றால் நான் அப்படிச் சொல்லமாட்டேன். அரசாங்க ஊழியருக்கு ‘அக்ரஹார’ காப்புறுதி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இதய சத்திரசிகிச்சைக்கு வீட்டை விற்கவிருந்த ஏழை, வீட்டை விற்காமல் தப்பினான். அது பெரிய காரியம். ஆனால் அங்கே மாவட்டத்துக்கு மாவட்டம் பெரிய ஆஸ்பத்திரி முதலில் வந்தது, கார்டு பின்னால் வந்தது. இங்கே கார்டை முதலில் அச்சடிப்போம் என்கிறார்கள்.

மலையில் குளவி கொட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் கொழுந்தெடுக்கிறாள். கூடு கலைகிறது. தலையிலும் கழுத்திலும் ஐம்பது இடத்தில் கொட்டு. மூச்சு அடைக்கிறது. அவளைப் பிழைக்க வைப்பது எது? அரை மணி நேரத்துக்குள் ஓர் ஊசி. அந்த ஊசிக்குப் பெரிய விலை இல்லை. ஊசி வைத்திருக்கும் ஆள், அவளைச் சுமந்து வரும் வழி, அவள் சொல்வது புரியும் காது, இவைதான் வேண்டும். எந்தக் காப்புறுதிக் கம்பெனி இதற்குக் காசு கட்டும்? 1990 என்று அடித்தால் வரும் அம்புலன்ஸ் நல்ல சேவை. 2016இல் இந்திய உதவியோடு தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது. நானே கூப்பிட்டிருக்கிறேன். ரோட்டில் வந்து நின்றது. நாங்கள் நோயாளியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் நம்பர் மலையிலிருந்து இறங்கினோம், கம்பளிப் போர்வையின் நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துக்கொண்டு. கீழே வந்து சேர முக்கால் மணி நேரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் நாடு முடங்கியபோது ஆஸ்பத்திரியில் புதுத் துண்டு ஒன்று வந்தது. மருந்து இல்லை, வெளியே வாங்குங்கள் என்று எழுதிக் கொடுக்கும் துண்டு. நாட்சம்பளக்காரி அதை முந்தானையில் முடிந்துகொண்டு ஃபார்மசி ஃபார்மசியாக அலைந்ததை நான் இந்தப் பதுளை டவுனில் பார்த்தேன். மருந்து விஷயத்திலும் நம் ஊவாவுக்கு ஒரு பங்கு உண்டு. பிபிலை நமது மாகாணத்து ஊர். அந்த ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்ட பேராசிரியர் சேனக்க பிபிலே, 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். விளம்பரப் பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள், மருந்தின் சொந்தப் பெயரில் வாங்குங்கள், நாட்டுக்கு மொத்தமாக ஓரிடத்தில் வாங்குங்கள் என்றார். உலகக் கம்பெனிகள் எதிர்த்தன. 1977இல் கயானாவில் இறந்தார். அவருடைய கொள்கையின் வழியில் ஒரு மருந்துச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது எப்போது தெரியுமா? 2015இல். முப்பத்தெட்டு வருஷம் கழித்து. ஆகவே நான் இன்று கேட்பது நாளைக்கே வந்துவிடும் என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். தோட்டத்திலுள்ள ஒவ்வொரு மருந்துச்சாலைக்கும் பிரசவ அறைக்கும், அதற்குப் போகும் ரோட்டுக்கும், அதில் வேலை செய்யும் ஆளுக்கும் யார் பொறுப்பு என்று ஒரே ஒரு பெயரைச் சட்டத்தில் எழுதுங்கள். அந்தப் பெயர் சுகாதார அமைச்சாக இருக்கட்டும். கம்பெனி தன் பங்குக் காசைக் கட்டட்டும், 1872இலிருந்து கட்ட வேண்டிய காசு அது. தமிழ் தெரிந்த ஆளை வையுங்கள். அதன்பிறகு காப்புறுதிக் கார்டு கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறோம்.

போவதற்கு முன் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். நாளைக்குக் காலையில் பெரட்டுக்குப் போகிற வழியில் உங்கள் தோட்டத்து மருந்துச்சாலையைப் பாருங்கள். வாசலில் பெயர்ப் பலகை இருக்கிறதா? அதில் யார் பெயர் இருக்கிறது? கம்பெனியா, மாகாண சபையா, அமைச்சா? எந்தெந்த நாளில் திறக்கிறார்கள்? பிள்ளைகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து அதை எழுதுங்கள். பலகை இல்லாவிட்டால், இல்லை என்று எழுதுங்கள். எழுதி, மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் தம்பிமாரின் விலாசத்துக்கு அனுப்புங்கள். அந்தத் தாள்களை எல்லாம் தைத்து, மாகாண சபைக்கு ஒரு கட்டும் பாராளுமன்றத்துக்கு ஒரு கட்டும் கொண்டுபோய்க் கொடுப்போம். இத்தனை காலம் அவர்கள் எழுதிய துண்டை நாம் சுமந்தோம். இந்த முறை நாம் எழுதுவோம், அவர்கள் வாசிக்கட்டும்.

மடுல்சீமைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது. தாளை அனுப்ப மறந்துவிடாதீர்கள்.